கேதார்காந்தாவுக்கு வாடகை மைக்ரோஸ்பைக்ஸ் போதுமா?

தாராளமாகப் போதும். கேதார்காந்தா இமயமலையில் பனி மூடும் ஒரு சிகரம்; மைக்ரோஸ்பைக்ஸ் என்பது பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் மேல் மாட்டும் ரப்பர் வளையம், அடியில் சங்கிலியும் கம்பிப் பற்களும் இருக்கும். எப்போதோ ஒரு தடவை பனியில் நடக்கப் போகிறவர்கள் சொந்தமாக வாங்கிப் பரணில் போட்டு வைக்க வேண்டியதில்லை. ஆனால் கடையில் நீட்டுவதை அப்படியே வாங்கிப் பையில் திணித்துக்கொள்ளாதீர்கள்.

நான் எடுத்தது உத்தராகண்டின் சாங்க்ரி கிராமத்தில். டேராடூனிலிருந்து சுமார் 200 கி.மீ., மலைப்பாதை என்பதால் பகல் முழுக்க வண்டியிலேயே போய்விடும். கேதார்காந்தா, ஹர் கி தூன் பள்ளத்தாக்கு இரண்டுக்கும் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். அதனால் ஸ்பைக்ஸ், கெய்ட்டர் (பூட்ஸுக்குள் பனி புகாமல் கீழ்க்காலைச் சுற்றி மாட்டும் உறை), ஜாக்கெட், ஊன்றுகோல் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும்.

முதலில் கொடுத்த ஸ்பைக்ஸ் ஜோடியில், பூட்ஸின் முன்பக்கம் வரும் ரப்பரில் மெல்லிய வெடிப்பு. வேறு கேட்டதும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடுத்து வந்தார். பூட்ஸோடு போய் அங்கேயே மாட்டிப் பாருங்கள். ரப்பர் வளையம் விரலெல்லாம் வலிக்கிற அளவுக்கு இழுத்தால்தான் ஏற வேண்டும். அடியில் சங்கிலி தொளதொளவென்று இருந்தால் ஒரு சைஸ் குறைத்துக் கேளுங்கள்.

உச்சி ஏறத்தாழ 12,500 அடி. விடியும் முன்பே ஏற ஆரம்பிப்பதால் பனி இறுகிப்போய்க் கிடக்கும். பலர் நடந்து நடந்து தடம் வழவழப்பாகிவிட்ட சரிவுகளில் இந்தக் கம்பிப் பற்கள் நறநறவென்று கடித்துப் பிடித்தன. ஒரு இடத்திலும் கால் வழுக்கவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் தொல்லை. இளகிய பனி பற்களுக்கு நடுவே கட்டியாக அப்பிக்கொள்ளும். அப்புறம் ஸ்பைக்ஸ் போட்டும் போடாத மாதிரிதான். நான் தடுமாறுவதைப் பார்த்து, வேறு ஏதோ குழுவின் வழிகாட்டி ஒருவர் நின்று, என் காலைத் தூக்கச் சொல்லித் தன் கோலால் இரண்டு தட்டுத் தட்டினார். பொத்தென்று விழுந்தது கட்டி. "ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டுங்க தீதி (அக்கா)" என்று இந்தியில் சொல்லிவிட்டுத் தன் ஆட்களைப் பார்க்கப் போய்விட்டார். இந்தப் பாதையில் இது சகஜம். வழிகாட்டிகள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள், ஒருவருக்கொருவர் பழக்கம். யாருடைய குழு என்று பார்த்து உதவுவதில்லை. டிசம்பர் கடைசியில் போனால் மட்டும் சரிவில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், குளிரில் அது கொடுமை.

கெய்ட்டர்தான் காலை வாரியது. பூட்ஸுக்கு அடியில் போகும் வாரின் கொக்கி நழுவிக்கொண்டே இருந்தது. ஜூடா கா தாலாப் ஏரியைத் தாண்டி ஆழமான பனியில் இறங்கியதுமே பூட்ஸுக்குள் ஈரம். அதை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள், பையில் இடமும் அடைக்காது.

திருப்பிக் கொடுக்கும்போது கொக்கியைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுத் தனியாக எடுத்து வைத்தார். மறுபடி வாடகைக்கு வந்திருக்கிறதா என்று இந்த டிசம்பரில் போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்: பச்சை நிறம், இடது கால்.