38,000 வெள்ளி போச்சு: "எல்லாம் ஒரே திரையில் தெரியும்" என்று விற்க வருகிறவர்களிடம் உஷார்!

நெட்வொர்க் அக்சஸ் கண்ட்ரோலையும் (எந்தக் கருவியை நெட்வொர்க்கில் விடலாம் என்று பார்ப்பது) லாக் அனலிட்டிக்ஸையும் (கருவிகள் எழுதும் பதிவுகளை அலசுவது) இணைத்துத் தருகிறோம் என்று சிங்கப்பூர் உபியில் உள்ள எங்கள் ஆபீஸில் 38,000 வெள்ளி கறந்துவிட்டார்கள். பெயர் போடவில்லை. சின்ன கம்பெனிகளாகப் பார்த்துப் பிடிக்கிற ஐடி நிறுவனம்.

நம்ப வைத்தது டெமோதான். தெரியாத லேப்டாப் ஒன்றை நெட்வொர்க் சுவிட்சில் (ஆபீஸ் கருவிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) செருகியதும் திரையில் சிவப்பு: எந்த போர்ட், என்ன ஐபி (நெட்வொர்க்கில் அதற்குக் கொடுத்த முகவரி), எந்த சர்வரைத் தட்டுகிறது, எல்லாம் ஒரே வரியில். "உங்க ஆபீஸ்லயும் இதேதான் வரும் அண்ணே!" அந்த சுவிட்ச் அவர்களே செட் பண்ணித் தூக்கி வந்தது.

இங்கே வந்ததோ வெறும் மேக் முகவரிப் பட்டியல், அதாவது கருவியின் நெட்வொர்க் கார்டில் பதிந்த எண்கள். ஐபி கட்டம் காலி. யாரை உள்ளே விடலாம் என்று சுவிட்ச் சர்வரிடம் கேட்கும் ரேடியஸுக்கு யுடிபி போர்ட் 1812 மட்டும் திறந்திருக்கிறார்கள்; உள்ளே வந்த கருவியின் விவரம் (அக்கவுண்டிங்) போகும் 1813 ஃபயர்வாலில் அடைபட்டுக் கிடக்கிறது. அதைத் திறந்தாலும் முதல் ஸ்டார்ட் பாக்கெட்டில் பெரும்பாலும் ஐபி இருக்காது, ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி அப்போது முடிந்திருக்காது. அதற்குத்தான் அந்த விவரத்தை இடையிடையே மறுபடி அனுப்பும் இன்டெரிம் அப்டேட்டை சுவிட்சில் போடுவது. போடவில்லை. மேக்கும் ஐபியும் சேராமல், ஃபயர்வால் லாக்கில் உள்ள ஐபி யாருடையது என்று எந்த அனலிட்டிக்ஸாலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு சுவிட்ச் லாக் யுடிசியில் (உலகப் பொது நேரம்), சர்வர் லாக் சிங்கப்பூர் நேரத்தில். 8 மணி நேரம் தள்ளி நிற்கும் இரண்டு வரிகளை எந்த ரூல் இணைக்கும்?

இதைவிடக் கொடுமை, பிரிண்டர், சிசிடிவி, கதவு ரீடர் எல்லாவற்றையும் 802.1எக்ஸ் (கருவி தன் அடையாளத்தை நிரூபித்த பிறகே உள்ளே விடும் முறை) இல்லாமல் மேக்கை மட்டும் பார்த்து உள்ளே விட்டிருப்பது. ரிசப்ஷன் பிரிண்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மேக்கை லேப்டாப்பில் போட்டுச் செருகினால், பச்சையில் "பிரிண்டர், நம்பகமானது" என்கிறது. அந்த 'பிரிண்டர்' 3389ல் சர்வருக்கு ரிமோட் டெஸ்க்டாப் திறக்கிறது, அப்போதும் பச்சை! டிஹெச்சிபி கைரேகை (ஐபி கேட்கும் விதத்தை வைத்து என்ன கருவி என்று ஊகிப்பது) விண்டோஸ் என்று மாறியதையும் கண்டுகொள்ளவில்லை. இதைப் பிடிக்கத்தானே ஐயா 38,000 வெள்ளி?

கேட்டதற்கு முதலில், "லாக் சேரச் சேர அதுவே கத்துக்கும்." பிறகு, "உங்க சுவிட்ச் பழசு." கடைசியில், "அது ஃபேஸ் டூ, தனி கொட்டேஷன்." இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். முழுத் தொகையையும் கேட்டு சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போக முடியாது, அங்கே வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000. 38,000க்கு வக்கீல் செலவு வேறு.

விலாவாரியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், எரிச்சலில் ஓடவில்லை. டெமோவை உங்கள் சுவிட்சில், உங்கள் பிரிண்டரை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். மேலே சொன்ன போலி பிரிண்டர் சோதனையில் சிவப்பு வந்தால்தான் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். லாக்குக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி வரை இந்த விலை என்றும் கேளுங்கள், அங்கேயும் பில் ஏறும். 24 மணி நேரமும் நாங்களே கண்காணிக்கிறோம் என்றால், 2022 ஏப்ரலிலிருந்து அந்தச் சேவைக்கு உரிமம் கட்டாயம். நம்பரைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.