பி.இ. பயோமெடிக்கல்: சுவரில் 12 இலக்கு, கையில் எத்தனை?

நான் படித்த பி.இ. பயோமெடிக்கல் (மருத்துவக் கருவிகளுக்கான பொறியியல்) படிப்புக்கு ஐந்துக்கு மூன்றரை தருவேன். படித்தது தென்மாவட்டத்தில் ஒரு தனியார் தன்னாட்சிக் கல்லூரி; இப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையின் பயோமெடிக்கல் துறையில் இருக்கிறேன்.

விசாரிக்கிற பெற்றோர் எல்லாரும் "காலேஜுக்கு என்.பி.ஏ. இருக்கா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கல்லூரி மொத்தத்துக்கும் தர அங்கீகாரம் தருவது நாக் (NAAC). என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தருவது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி, அதுவும் 3 அல்லது 6 வருஷத்துக்குத்தான். மெக்கானிக்கலுக்கு வாங்கியதை வாசலில் பெரிய பலகையாக மாட்டியிருப்பார்கள், பயோமெடிக்கலுக்கு இருக்காது. புதிதாகத் தொடங்கிய துறை என்றால் குறை சொல்ல முடியாது. இரண்டு பேட்ச் வெளியே போன பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும்.

எங்கள் துறையைப் பார்க்க என்.பி.ஏ. குழு வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த 12 இலக்குகளையும், அதாவது படித்து முடிப்பவரிடம் இருக்க வேண்டிய திறன்களின் பட்டியலை, மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். (இப்போது அது 11.) எந்தப் பாடம் எந்த இலக்கைத் தொடுகிறது என்று 1, 2, 3 மதிப்பெண் போட்ட அட்டவணைகள் அலமாரி அலமாரியாக இருந்தன. மாணவர்களான எங்களுக்கு அதை யாரும் விளக்கவில்லை.

ஆனால் இலக்குகள் வெறும் பேச்சில்லை. இன்ஸ்ட்ருமென்டேஷன் லேபில் ஆப்-ஆம்ப் (சிறு சிக்னலைப் பெரிதாக்கும் சிப்) வைத்து ஈ.சி.ஜி. சர்க்யூட் கட்டினோம். இதயத்திலிருந்து வருவது ஒரு மில்லிவோல்ட் அளவுதான். அதன்மேல் கரன்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதைக் குறைக்கத்தான் வலது கால் எலக்ட்ரோடு என்று அன்றைக்குப் புரிந்தது. இன்று ஐ.சி.யூ.வில் "மானிட்டர்ல அலை ஆடுது" என்று சிஸ்டர் கூப்பிட்டால் மெஷினைப் பிரிக்காமல் முதலில் ஜெல் காய்ந்திருக்கிறதா, லீட் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். பட்டியலில் இரண்டாவதாக இருந்த 'சிக்கலைப் பகுத்தாய்தல்' என் வரையில் இதுதான். அந்த லேபுக்கு முழு மதிப்பெண்.

சறுக்கியது மருத்துவமனைப் பயிற்சி. கூட்டமாக அழைத்துப் போய், எதையும் தொடாதீர்கள் என்று சொல்லி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். இதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் 200 ஜூல் என்று காட்டினால் உண்மையிலேயே 200 வெளியே வருகிறதா என்று பார்க்கும் அனலைசரை வேலைக்கு வந்துதான் முதன்முதலாகக் கண்டேன். நெறிமுறை, சமூகப் பொறுப்பு என்று இரண்டு இலக்கு இருந்தும், 2017 மருத்துவக் கருவிகள் விதிகளோ, கருவியால் நோயாளிக்குப் பாதிப்பு வந்தால் எங்கே தெரிவிப்பது என்பதோ வகுப்பில் வரவில்லை. பாதிப்பைத் தெரிவிக்கும் படிவத்தை ஒரு பீரியடில் நிரப்பிப் பார்க்க வைத்திருக்கலாம்.

பிள்ளை வெளிநாட்டுக்குப் போகும் யோசனை இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் சேர்ந்தது, ஆனால் என்.பி.ஏ.வின் டயர்-1 (தன்னாட்சிக் கல்லூரிகள், பல்கலைக்கழகத் துறைகளுக்கான பிரிவு) அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே அது செல்லும். பலகையை நம்பாமல் என்.பி.ஏ. இணையதளத்தில் படிப்பின் பெயரையும் முடியும் வருஷத்தையும் பார்த்துவிட்டு, துறைக்கு நேரில் போய் "சொந்தமா அனலைசர் இருக்கா, பிள்ளைங்க தொடலாமா?" என்று கேளுங்கள்.