தோட்ட வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால்: சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் கடைவரிசையின் மேல்மாடியில் இருக்கிற சிறிய அலுவலகம் இது. பெயரைப் போட வேண்டாம் என்று வழக்கறிஞர் அம்மா கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

என் அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டக் கம்பெனி கொடுத்த வீட்டில் குடியிருந்தோம். "வேலையை விட்டாலும் இங்கேயே இருந்துக்கலாம், வேணுங்கிறதைக் கட்டிக்குங்க" என்று அந்தக் காலத்து மேனேஜர், கிராணி (தோட்ட எழுத்தர்) மூலம் சொல்லியனுப்பினார். அதை நம்பி, சேமிப்பைப் போட்டுப் பின்பக்கம் சமையலறையும் ஓர் அறையும் எடுத்தார் அப்பா. இப்போது அதே கம்பெனி நிலத்தை வீடமைப்புக்கு மாற்றப்போகிறது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. முதலில் போன வேறொரு வழக்கறிஞர் அலுவலகத்தில், கிராண்ட் (நிலப் பட்டா) யார் பேரிலோ வீடும் அவருக்கே என்று சொல்லி உடனே அனுப்பிவிட்டார்கள்.

இந்த வழக்கறிஞர் அம்மா அப்படிச் செய்யவில்லை. முதலில் நில அலுவலகத்தில் தேடல் போட்டு, கிராண்ட் இன்னும் பழைய கம்பெனி பேரில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்தார். விற்றுக் கைமாறியிருந்தால் 1965 தேசிய நிலச் சட்டம் புதிய உரிமையாளருக்குப் பலமான பாதுகாப்பு கொடுத்திருக்கும், நம் பாடு கஷ்டம் என்றார். அந்தச் சட்டத்தின் பதிவு முறை தென் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் நில உடைமைச் சட்டத்தை 1956 குடியியல் சட்டத்தின் 6-வது பிரிவே உள்ளே விடவில்லை.

அப்புறம் ஆங்கிலச் சட்டம் நமக்கு எதற்கு என்று என் அம்மா கேட்டார்கள். "அதே சட்டத்தில் 3-வது பிரிவு இருக்கு பாட்டி" என்று ஆரம்பித்தவர், நிதானமாக, தமிழிலேயே விளக்கினார். 1956 ஏப்ரல் 7 அன்று இங்கிலாந்தில் இருந்த பொதுச் சட்டமும் (நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான சட்டம்) நியாயநெறிகளும் தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும். உள்நாட்டுச் சட்டம் வேறு விதமாகச் சொல்லாத இடத்தில், நம் ஊர் நிலைமைக்கு ஒத்துவரும் அளவுக்கு மட்டும். ஒருவர் கொடுத்த வாக்கை நம்பி இன்னொருவர் நடந்த பிறகு, வாக்குக் கொடுத்தவர் சட்டென்று பின்வாங்கக் கூடாது என்பது அந்த நியாயநெறிகளில் ஒன்று.

அவர் சொன்ன 1866-ஆம் ஆண்டு வழக்கு என் மனதில் நின்றுவிட்டது. இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டு என்ற நெசவு ஊரில் ராம்ஸ்டன் குடும்பத்தின் நிலத்தில் குடியிருந்தவர்கள், அவர்களுடைய ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பி வீடு கட்டினார்கள். வழக்கு அங்கே அப்போது கடைசி முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்க் குடியிருந்தவர்கள் தோற்றார்கள். ஆனால் கிங்ஸ்டவுன் பிரபு மாறுபட்டு எழுதிய தீர்ப்பைத்தான் பிறகு வந்த நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. எங்கள் கதைதானே இது! நம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 1995-இல் பூஸ்டெட் டிரேடிங் வழக்கில் இன்னும் ஒரு படி தாண்டியது. நம்பியவர் நஷ்டப்பட்டதைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை, சொன்னவர் பின்வாங்குவது அநியாயமாக இருந்தால் போதும் என்றது. இது வெள்ளைக்காரன் சட்டம், நமக்கு ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு இதை நான் இப்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் ஜெயிப்போம் என்று அவர் ஒரு தடவைகூட வாக்குக் கொடுக்கவில்லை. அப்பாவின் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, சிமெண்டு, தகரம் வாங்கிய பில்களை வருஷவாரியாக மேசையில் அடுக்கினார். மை மங்கிப்போன ஒரு சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் படித்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் கிராணி உயிரோடு இருக்காரா?" இருக்கிறார். அவரிடம் சத்தியப் பிரமாணம் வாங்கியாகிவிட்டது. கம்பெனிக்குக் கடிதம் போன பிறகு, அவர்கள் பேச்சுவார்த்தைக்கு வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கடிதங்கள் மலாயில் மட்டும் வருகின்றன, தமிழில் ஒரு சுருக்கம் கொடுத்தால் என் அம்மா மாதிரி ஆட்களுக்கு உதவியாக இருக்கும். படிக்கட்டு செங்குத்து, முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம். காத்திருக்கவும் வேண்டும். கட்டணம் முன்கூட்டியே எழுதித் தருகிறார், தவணையும் உண்டு.

போகிறவர்கள் நோட்டீஸ் வந்த கையோடு போங்கள். பழைய பில், கரண்டு பில், சம்பளச் சீட்டு, வீடு கட்டியபோது எடுத்த போட்டோ எதையும் விடாதீர்கள். அந்தக் காலத்து கிராணியோ மண்டோரோ (வேலை மேற்பார்வையாளர்) இருந்தால் அவர் போன் நம்பரையும் கொண்டுபோங்கள்.