டிடி-214ல் பெயர் மாற்றினேன்: எந்த இடத்துக்கு எத்தனை நட்சத்திரம்

வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில்தான் இது ஆரம்பித்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு முன்பணம் கட்டாமலே வீட்டுக் கடன் கிடைக்கும், அதற்கு டிடி-214 காட்ட வேண்டும். ராணுவத்தை விட்டு வரும்போது கையில் கொடுக்கிற தாள் அது. எப்போது சேர்ந்தாய், என்ன வேலை பார்த்தாய், என்ன பதக்கம், நல்லபடியாக வெளியே வந்தாயா இல்லையா, எல்லாம் அதில் இருக்கும். என் ஓட்டுநர் உரிமத்தில் ஒரு பெயர், அந்தத் தாளில் வேறு பெயர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பழைய பெயரைச் சத்தமாக இரண்டு தடவை படித்துவிட்டு, "இது உங்கள் கணவருடையதா?" என்று கேட்டார். பக்கத்து மேசையில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு திருநங்கை என்று அந்த அறைக்கே விளக்கம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது, கடனைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த இடத்துக்குப் பூஜ்யம் நட்சத்திரம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மாவ்னியில் சேர்ந்தவள். கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருந்தவர்களையே மருத்துவத்துக்கும் மொழிக்கும் என்று ராணுவத்தில் எடுத்த திட்டம் அது, 2009ல் தொடங்கி 2016ல் நிறுத்திவிட்டார்கள். மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. எம்.எஸ். படிக்க வந்தவள், தமிழ் தெரியும் என்ற தகுதியில் 2014ல் உள்ளே போனேன், 4 வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் தமிழில் எதையும் கேட்கவில்லை, சப்ளை கிடங்கில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் படிவம் என்றால் எனக்குப் பயம் கிடையாது, அது இந்த விஷயத்தில் ரொம்ப உதவியது. 2016 ஜூன் 30 அன்று பாதுகாப்புச் செயலர் ஆஷ் கார்ட்டர் திருநர்கள் வெளிப்படையாகப் பணியாற்றலாம் என்று அறிவித்தார், சரி, சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டினேன், 2017 ஜூலையில் திருநர்களை ராணுவத்தில் அனுமதிக்க மாட்டோம் என்று டிரம்ப்பின் ட்வீட் வந்தது, வாயை மூடிக்கொண்டு 2018ல் வெளியே வந்துவிட்டேன். நீதிமன்றத்தில் பெயர் மாற்றியது 2021ல்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், மாற்ற வேண்டியிருந்த அந்தப் பழைய பெயரை ராணுவத்தில் யாரும் கூப்பிட்டதே இல்லை. அங்கே கடைசிப் பெயர்தான் எல்லாம், சட்டையில் தைத்திருப்பதும் அதுதான். நமக்கு ஏது கடைசிப் பெயர், அப்பா பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் 13 எழுத்து. பயிற்சி கொடுத்த சார்ஜென்ட் இரண்டு நாள் முயற்சி செய்து பார்த்துவிட்டு "ஆல்ஃபபெட்" என்று வைத்துவிட்டார். ஆக 4 வருடம் நான் ஒன்று அப்பாவாக இருந்தேன், இல்லையென்றால் ஆல்ஃபபெட்டாக.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெயர் மாறியதும் பலர் செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் படைப் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் ஆவணத்தைப் பாதுகாப்பவர்கள், கேட்டால் நகல் தருவார்கள், அவ்வளவுதான். (1973 தீ விபத்தில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோனது அங்கேதான். பழைய தரைப்படை வீரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள்.) தாளில் இருப்பதை மாற்றும் அதிகாரம் பதிவுத் திருத்த வாரியத்துக்குத்தான். தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரைன்களுக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, கடலோரக் காவல் படைக்குத் தனி. எங்கே போனாலும் படிவம் ஒன்றுதான், டிடி-149. கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. ராணுவச் சீருடைக்காரர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தேன், அப்படி இல்லை, குறைந்தது 3 சிவிலியன்கள் காகிதத்தைப் படித்து முடிவு செய்கிறார்கள்.

படிவத்தில் பிழை அல்லது அநீதி என்ன என்று கேட்கும் இடம்தான் முக்கியம். அங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "என் பெயர் தவறாக இருக்கிறது, திருத்துங்கள்" என்று எழுதினால், பணியில் இருந்தபோது உன் பெயர் அதுதானே, பதிவு சரியாகத்தானே இருக்கிறது என்று திருப்பிவிட வழி இருக்கிறது. முன்பெல்லாம் அப்படித்தான் மறுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்களுக்கும் அதே பதில்தான். 2014ல் தரைப்படை வாரியம் திருநர்களான இரண்டு முன்னாள் வீரர்களுக்குச் சாதகமாக முடிவெடுத்த பிறகுதான் கதவு திறந்தது. ஆகவே பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், அநீதியைச் சொல்லுங்கள்: இந்தத் தாளை நீட்டும் ஒவ்வொரு இடத்திலும் என் அந்தரங்கத்தையும் சேர்த்து நீட்ட வேண்டியிருக்கிறது, அதனால் எனக்கு உரிமையான சலுகையைக் கேட்கவே தயங்குகிறேன். "உங்கள் கணவருடையதா" சம்பவத்தை நான் அப்படியே எழுதினேன், அழுகை இல்லாமல், தேதி போட்டு. இன்னொன்று, வாரியங்களின் பழைய முடிவுகளைப் பெயர் நீக்கி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நம் வழக்கு மாதிரி நாலைந்தைப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள், எந்த வார்த்தைக்கு எடை என்று தெரிந்துவிடும்.

இப்போது நான் ஏமாந்த இடம். டிடி-214 நகல் வாங்கித் தருகிறோம் என்று ஒரு தனியார் தளம், பார்க்க அரசாங்கத் தளம் மாதிரியே கழுகு, கொடி எல்லாம் வைத்து. அவசரத்தில் 89 டாலர் கட்டினேன். அதே நகலுக்கு ஆவண மையத்தில் இணையம் வழியாகவோ எஸ்எஃப்-180 படிவத்திலோ கேட்டால் இலவசம். கிடங்கில் ஒரு ஸ்க்ரூ குறைந்தால் கண்டுபிடித்தவள் நான், இதில் கோட்டை விட்டேன்.

ஐந்து நட்சத்திரம் என்றால் அது ஒரு சட்டக் கல்லூரியின் இலவச உதவி மையத்துக்கு. எனக்குக் கிடைத்தது மூன்றாம் வருட மாணவி, வயதில் என்னைவிட எவ்வளவோ சின்னப் பெண். கடைசிப் பெயரையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். அது அப்பா பெயர், அது அப்படியே இருக்கட்டும் என்றேன். தமிழர் பெயர் எப்படி அமைகிறது என்று அரை மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது, அப்படியும் முதல் வரைவில் முன்னும் பின்னும் மாறித்தான் வந்தது. ஆனால் அவள் சொன்ன ஒரு விஷயம் மொத்த வேலையையும் காப்பாற்றியது. திருத்தம் என்றால் வழக்கமாக டிடி-215 என்று ஒரு தாள் கொடுப்பார்கள், அது பழைய 214ஓடு சேர்த்து வைத்துக்கொள்வது. அப்படி வந்தால் இரண்டு பெயரும் ஒன்றாகப் பல்லைக் காட்டும், எதற்காகப் போனோமோ அதுவே கெட்டது. எனவே புதுப் பெயரில் 214ஐயே மறுபடி வழங்க வேண்டும் என்று கோரிக்கையில் பச்சையாக எழுதச் சொன்னாள். எழுதினோம். நீதிமன்ற உத்தரவின் முத்திரையிட்ட நகல், பழைய 214, புதிய சமூகப் பாதுகாப்பு (சோஷியல் செக்யூரிட்டி) அட்டை, ஒரு பக்கக் கடிதம், அவ்வளவுதான் இணைப்பு. அநீதி தெரியவந்து 3 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நியாயத்தை முன்னிட்டு அதைத் தளர்த்தவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே காலம் கடந்துவிட்டது என்று பயந்து விட்டுவிடாதீர்கள்.

2022 பிப்ரவரியில் அனுப்பினேன், நவம்பரில் உறை வந்தது. 90 சதவீத விண்ணப்பங்களை 10 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், எதுவும் 18 மாதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம், அதற்குள் வந்துவிட்டது. புதுத் தாளில் புதுப் பெயர். பதக்கங்கள், பயிற்சிகள், தேதிகள் எல்லாம் அதே. 214ல் ஆணா பெண்ணா என்ற கட்டமே கிடையாது, ஆகவே அந்தச் சண்டையும் இல்லை. என் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் "கையொப்பமிட ஆள் இல்லை" என்ற பொருளில் அச்சடித்திருந்தது, சிரித்துவிட்டேன். வாரியத்துக்கு நாலரை நட்சத்திரம். அதை எடுத்துக்கொண்டு வேறொரு கடன் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கேட்ட ஒரே கேள்வி அப்பா பெயரை எப்படி உச்சரிப்பது என்பதுதான்.

வரிசை தப்பாமல் செய்யுங்கள். முதலில் நீதிமன்றம், முத்திரையிட்ட நகல் குறைந்தது ஆறு வாங்கிக்கொள்ளுங்கள். சில மாநிலங்களில் செய்தித்தாளில் விளம்பரம் போடச் சொல்வார்கள், நம் ஊர் அரசிதழ் மாதிரி, அதிலிருந்து விலக்குக் கேட்கலாம். அப்புறம் சமூகப் பாதுகாப்பு அட்டை, அது இலவசம், எண் மாறாது. அப்புறம் உரிமம், அப்புறம் முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் அடையாள அட்டை. வாரியம் கடைசியில். யாரும் சொல்லித் தராத ஒன்று: ராணுவத்திலிருந்து வந்த புதிதில் 214ஐ மாவட்டப் பதிவு அலுவலகத்தில் பதிந்து வைக்கச் சொல்லி அறிவுரை கொடுப்பார்கள். அப்படிப் பதிந்திருந்தால் பழைய பெயரோடு அது அங்கேயே உட்கார்ந்திருக்கும், போய் எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள்.

நான் செய்தது 2022ல். 2025 ஜனவரி 27 அன்று வந்த அதிபர் ஆணை திருநர்களை மறுபடி ராணுவத்திலிருந்து வெளியேற்றச் சொல்கிறது, வழக்கு நடக்கும்போதே அதை அமல்படுத்தலாம் என்று மே 6ல் உச்ச நீதிமன்றமும் அனுமதித்தது. அது இப்போது பணியில் இருப்பவர்களையும் சேர வருபவர்களையும் பற்றியது. பதிவைத் திருத்தும் அதிகாரம் தனிச் சட்டத்திலிருந்து வருகிறது, அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 1552ஆம் பிரிவு. ஆனாலும் இப்போது அனுப்புகிறவர்கள் என்னை மாதிரி தைரியத்தில் படிவத்தை எடுத்து உட்காராமல், முதலில் ஒரு இலவச சட்ட மையத்தில் பேசிவிடுங்கள்.

எனக்கு இன்னும் ஒரு தாள் பாக்கி. ஃபோர்ட் ஜாக்சன் ராணுவத் தளத்தில் பயிற்சி முடிந்த கையோடு கொடுத்த குடியுரிமைச் சான்றிதழ், அதில் பழைய பெயரும் மொட்டைத் தலையோடு ஒரு போட்டோவும். அதை மாற்ற என்-565 படிவம், கட்டணம் 500 டாலருக்கு மேல், அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். செய்து முடித்தால் அதற்கும் நட்சத்திரம் போடுகிறேன்.