கரிசல் மண்ணில் தண்ணீர்ச் சிக்கனத் தோட்டம்: பல கோடைகளுக்குப் பிறகு எது நின்றது?

கோவில்பட்டிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் கரிசல் மண். பாய்ச்சுவது போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாக உப்புப் படியும். மழை என்று நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையை மட்டும்தான். இங்கே சொட்டுநீர், புதைத்த பானை, மூடாக்கு (மண்மேல் பரப்பும் ஓலை, தொலி), உயிர்வேலி எல்லாவற்றையும் வைத்துப் பல கோடைகளைக் கடந்தாகிவிட்டது. தோட்டம் போட நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது சொட்டுநீர் சாமான் விலையைத்தான். நான் அதற்கு மூன்றாம் இடம்தான் கொடுப்பேன். அதற்கு முன்னால் காற்றைத் தடுக்க வேண்டும், மண்ணை மூட வேண்டும்.

எங்கள் பக்கம் வெயிலைவிடப் பொல்லாதது மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து விழும். கயத்தாறில் காற்றாலைகள் நிற்பது சும்மாவா? காலையில் விட்ட தண்ணீர் மதியத்துக்குள் காணாமல் போகும். மேற்கே மதில் சுவர் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சுவரைத் தாண்டும் காற்று உள்பக்கம் சுழன்று இறங்கிச் செடியை அலைக்கழிக்கும். காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு வேகத்தைக் குறைக்கும் செடிவேலிதான் சரி. ஆடாதொடையை நெருக்கி நட்டு, பின்னால் அகத்தி வைத்தேன். ஆடாதொடையை ஆடு தொடாது, ஆள் கவனிக்கவும் வேண்டாம். வேலி ஆள் உயரம் வந்த வருஷமே அதன் மறைவில் இருந்த கத்தரிக்குத் தண்ணீர் விடும் இடைவெளியைக் கூட்ட முடிந்தது.

அடுத்தது மூடாக்கு. கரிசல் காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக அடிமண் ஈரமும் போய்விடும். நான்கு விரல் கனத்துக்கு மூடி வைத்தால் வெடிப்பு பெரும்பாலும் அடங்குகிறது. கடலைமிட்டாய் ஊர் என்பதால் கடலைத் தொலி எங்களுக்கு எளிதாகக் கிடைக்கும். அதை அடியில் பரப்பி, காற்றில் பறக்காமலிருக்க மேலே தென்னை ஓலை போடுகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கரையான் வரும், அதனால் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள்.

பாத்திகளைத் தரையைவிட அரையடி தாழ்த்தியிருக்கிறேன். கோடையில் தண்ணீர் ஓடாமல் நிற்கும். ஆனால் கார்த்திகை அடைமழையில் கரிசல் தண்ணீரைச் சீக்கிரம் இறக்காது, வேர் அழுகும். ஒவ்வொரு பாத்திக்கும் வடிகால் வாய் ஒன்று கட்டாயம் தேவை. பப்பாளியைப் பள்ளத்தில் வைக்கவே கூடாது.

சொட்டுநீர் நல்ல சாதனம்தான். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் (குழாயில் சொட்டு விடும் முனை) வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் குழாய்க்குள்ளேயே பதிந்து வரும் டிரிப்பர் வாங்காதீர்கள். அடைத்தால் அந்தக் குழாயையே தூக்கி எறிய வேண்டியதுதான். வெளியே செருகும், திறந்து கழுவக்கூடிய வகை நல்லது. வினிகரில் ஓர் இரவு ஊறினால் சுண்ணாம்புப் படிவு கரைந்துவிடும். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள், குழாயின் கடைசி மூடியை மாதம் ஒருமுறை திறந்து விடுங்கள். அணில் கடித்த இடங்களுக்கு இணைப்பான் கையிருப்பில் இருக்கட்டும். தானியங்கி டைமர் இந்த அளவு தோட்டத்துக்குத் தேவையே இல்லை.

கழுத்துவரை புதைக்கும் மண்பானையில் ஊற்றும் தண்ணீர் நுண்துளை வழியாக மெல்லக் கசிந்து வேருக்குப் போகும்; அது எனக்குப் பாதி திருப்திதான். வெள்ளரிக்கும் புடலைக்கும் அருமையாக வேலை செய்தது. ஆனால் உப்பு ஏறி நுண்துளை அடைந்துவிடுகிறது, கரிசல் விரிந்து சுருங்குவதில் சில பானை விரிசலும் விட்டது. செம்மண்காரர்கள், நல்ல தண்ணீர் உள்ளவர்கள் தாராளமாக வைக்கலாம்.

பானைக்குள் மழைத்தண்ணீர் ஊற்றினால் இந்த உப்புத் தொல்லை இல்லை. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். வீணாவது போக 800 லிட்டராவது தொட்டிக்கு வரும். அந்தத் தண்ணீரை நாற்றுக்கும் எலுமிச்சைக்கும் ஒதுக்குகிறேன், எலுமிச்சைக்கு உப்பு ஆகாது. பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போகிறது. துணி துவைத்த சோப்புத் தண்ணீரைக் கரிசலில் விடாதீர்கள். அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். ஆர்.ஓ. கழிவு நீரும் வேண்டாம்.

முருங்கை, கறிவேப்பிலை, மாதுளை, சீத்தா, பிரண்டை, கொத்தவரை ஆகியவை எந்தக் கோடையிலும் கைவிடவில்லை. தக்காளியும் கீரையும் புரட்டாசிக் கடைசியில் விதைத்துத் தை, மாசியோடு முடிகின்றன. சித்திரையில் அந்தப் பாத்திகளுக்குத் தண்ணீரே கிடையாது; மூடாக்கு மட்டும் போட்டு அடுத்த மழைவரை ஆறப்போட்டுவிடுகிறேன்.