பழைய போன் ரிசீவர் மைக்ல சவுண்ட் எடுக்க எந்த வழி தேவல?

கறுப்பு டயல் போன் ரிசீவர்ல வாய்ப்பக்க மூடியத் திருகி எடுத்தா வட்டமா ஒரு கேப்ஸ்யூல் வரும். கார்பன் மைக். இது தானா வோல்ட்டேஜ் எதுவும் குடுக்காது, உள்ள இருக்கிற கரித்துகள் பேசப்பேச அழுந்தித் தளர்றப்ப ரெசிஸ்டன்ஸ் மாறும், அவ்ளோதான் அதோட வேலை. லேப்டாப் மைக் ஜாக்ல நேரா சொருகிட்டு செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, அங்க வர்றது ஒரு மில்லிஆம்ப் சுமாருக்கு, இதுக்கு 20 மில்லிஆம்புக்கு மேல வேணும். மல்டிமீட்டர ஓம்ஸ்ல வச்சு கேப்ஸ்யூல்ல ஊதுங்க, நம்பர் ஆடுச்சுன்னா உயிர் இருக்கு. ஆடலையா, துகள் கட்டிப்போயிருக்கும், மேசை ஓரத்துல லேசா ரெண்டு தட்டு.

சீப்பான வழி 9 வோல்ட் பேட்டரி, 220 ஓம் ரெசிஸ்டர், மைக் மூணையும் சீரீஸ்ல (ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வரிசையா) போட்டு, ரெசிஸ்டரும் மைக்கும் சேர்ற எடத்துல இருந்து 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியா சவுண்ட எடுக்கிறது. மைக் 100 ஓம்னு வச்சா 28 மில்லிஆம்ப் ஓடும், போதும். சிக்னல் நல்லா பெருசாவே வரும், அதனால லைன்-இன்ல (பெரிய சிக்னலுக்கான ஜாக்) குடுங்க, மைக்-இன்ல (சின்ன மைக் சிக்னலுக்கான ஜாக்) குடுத்தா சவுண்ட் கிழியும். பேட்டரிக்குப் பதிலா செல்போன் சார்ஜர் மட்டும் வேணாம், அதோட இரைச்சல் அப்படியே சவுண்டுல ஏறிடும்.

கெப்பாசிட்டருக்குப் பதிலா டிரான்ஸ்ஃபார்மர் போட்டா மிக்சருக்கும் பேட்டரி பக்கத்துக்கும் கிரவுண்ட் தொடர்பே இருக்காது, ஹம்முன்னு வர்ற கரண்ட் இரைச்சல் தொல்லை கொறையும். ஆனா பிரைமரில (மைக் பக்கத்துச் சுருள்) பேட்டரியோட டிசி ஓடுறதால குட்டி கோர் (நடுவுல இருக்கிற இரும்பு) சாச்சுரேட் ஆகி, அதாவது அதுக்கு மேல காந்தம் ஏத்த முடியாம, சவுண்ட் கெடும், கொஞ்சம் பெரிய கோரா பாக்கணும். மேடைல மிக்சரோட கோக்கணும்னா இந்தச் செலவு தகும், வீட்ல ரெக்கார்டிங்குக்கு ரெசிஸ்டரே தாராளம்.

யாரும் கண்டுக்காத ஆளு காதுப்பக்க ஸ்பீக்கர். காந்தமும் சுருளும் இருக்கிறதால அதுல பேசினா டைனமிக் மைக் மாதிரி சிக்னல் தரும், பேட்டரியே வேணாம். சில மில்லிவோல்ட்தான் வரும், சின்ன சிக்னல பெருசாக்குற ப்ரீஆம்ப் கட்டாயம். போன் குரல் மாதிரியே ஒடுக்கமா கேக்கும், கார்பனோட கரகரப்பு மட்டும் இருக்காது. என் ஓட்டு இதுக்குத்தான், பழைய கார்பன் மைக்க நம்பி லைவ்ல எறங்குறது ரிஸ்க், ரிசீவர சாய்ச்சுப் பிடிச்சாலே துகள் எடம் மாறி சவுண்ட் மாறிடும்.

எலக்ட்ரெட் மைக் (ஹெட்செட்ல வர்ற குட்டி மைக்) வாங்கி ரிசீவர் உள்ள ஒட்டுறதும் ஒரு வழி, லேப்டாப்ல சொருகின உடனே வேலை செய்யும். ஆனா வர்றது சாதா மைக் சவுண்ட், போன் எஃபெக்ட் வேணும்னா சாஃப்ட்வேர்ல 300 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் 3400க்கு மேலயும் வெட்டிக்கணும்.