கடலை போடுவதும் காளு ஹாக்குவதும்

பெங்களூர் அலுவலகங்களில் இரண்டும் காதில் விழும்: தமிழில் ‘கடலை போடுறது’, கன்னடத்தில் ‘காளு ஹாக்கோது’. காளு என்றால் தானியம், பயறு. அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இல்லை.

வேற்றுமை உருபைப் பாருங்கள். ‘அவகிட்ட கடலை போடுறான்’ என்போம். பேச்சு இரண்டு பக்கமும் ஓடணும், அவளும் சிரித்துப் பதில் சொல்லணும். காதல் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. ‘அவ கடலை போடுறா’ என்று பெண்ணையும் சொல்லலாம். காபி மெஷின் பக்கம் இருவர் அரைமணி நேரம் நின்றால், ‘டேய், கடலை கருகுது’ என்று ஒரு குரல் வரும், அதோடு சரி.

கன்னடத்தில் ‘அவளிகெ காளு ஹாக்தித்தானெ’. அந்த ‘கெ’ நம்முடைய ‘க்கு’. இரை தூவிப் பறவையை வரவழைக்கிற கணக்கு. மடக்கும் எண்ணம் ஒரு பக்கம்தான். நம் ஊரில் இதன் ஜோடி ‘அவளுக்கு ரூட் விடுறான்’. சும்மா அரட்டை அடித்தவனைப் பற்றிக் கன்னட நண்பரிடம் இப்படிச் சொல்லிவைத்தால் வில்லங்கம்தான்.

கடலையை அப்படியே கன்னடத்தில் பெயர்க்கவும் வேண்டாம். பெங்களூர் பசவனகுடியில் நடக்கும் நிலக்கடலைச் சந்தையான ‘கடலேகாய் பரிஷெ’தான் அவர்களுக்கு ஞாபகம் வரும். மேனேஜர் முன்னால் இரண்டுமே கூடாது.